இலையில் மிஞ்சாத காய்: மதியச் சாப்பாடு போடும் ஓட்டல்களுக்கு முழுமையான வழிகாட்டி

அன்றைய சமையல் எப்படி என்று தெரிய வேண்டுமானால் கல்லாவில் கேட்கக்கூடாது, இலை எடுக்கிறவரிடம் கேட்க வேண்டும். சாம்பாரும் ரசமும் நல்லதோ கெட்டதோ சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடும். காய்தான் காட்டிக்கொடுக்கும். இலையின் மேல் பாதியில் வைத்தது வைத்தபடி கிடக்கும் முட்டைகோஸ் பொரியல், வாடிக்கையாளர் வாய் திறந்து சொல்லாத புகார். "காய் சரியில்லை" என்று யாரும் சண்டை போடுவதில்லை. மடித்த இலைக்குள் அதை மூடிவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் வேறு கடைக்குப் போகிறார்கள்.

தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு 100 முதல் 300 சாப்பாடு வரை போடும் மெஸ், சைவ ஓட்டல் ஆகியவற்றை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. வேறாகச் சொல்லாத இடங்களில் அளவெல்லாம் 100 பேருக்கு.

முதல் படி: ஒரு வாரம் மிச்சத்தை எடை போடுங்கள்

வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இலை கொட்டும் இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் வாளி வையுங்கள். ஒன்று பொரியலுக்கு, இன்னொன்று கூட்டுக்கு. இலையை மடித்து எடுத்துவரும் ஆள், தொட்டியில் போடுமுன் அதைப் பிரித்து, மிச்சக் காயை மட்டும் அந்தந்த வாளியில் தள்ள வேண்டும். ஒரு இலைக்குக் கூடுதலாகப் பத்து விநாடி ஆகும். ஆள் முணுமுணுப்பார், அந்த வாரத்துக்கு மட்டும் கையில் ஏதாவது சேர்த்துக் கொடுங்கள்.

மூன்று மணிக்கு எடை போட்டு, இலைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 200 இலைக்கு 5 கிலோ பொரியல் மிஞ்சினால் இலைக்கு 25 கிராம். முதல் முறை நீங்கள் வைப்பது 70 கிராம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குப்பைக்குப் போகிறது. இலைக்கு 10 கிராமுக்குள் இருந்தால் அந்தக் காய் தேறிவிட்டது. 20 தாண்டினால் காயிலோ கைப்பக்குவத்திலோ கோளாறு இருக்கிறது.

பக்கத்தில் இன்னொரு கணக்கும் வேண்டும்: இரண்டாம் முறை கேட்டவர்கள் எத்தனை பேர். பரிமாறுகிறவர் சட்டைப்பையில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மறுசோற்றுக் காய்க்கும் ஒன்றை இன்னொரு பைக்கு மாற்றினால் போதும். மிச்சமும் குறைவு, கேட்டவரும் குறைவு என்றால் காய் சுமார், பசிக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள். மிச்சம் குறைந்து, கேட்டவர் கூடினால் அந்தக் காயை அட்டவணையை விட்டு எடுக்காதீர்கள்.

சாப்பிட வருபவர் எதைத் தேடுகிறார்

எடை போட்டுப் பார்த்தால் பெரும்பாலான கடைகளில் ஒரே படம்தான் தெரியும். முட்டைகோஸ், கேரட், பீட்ரூட் நாட்களில் வாளி நிறையும். வாழைப்பூ, வாழைத்தண்டு, கொத்தவரை, முருங்கைக்கீரை நாட்களில் வாளி காலியாகவே இருக்கும். காரணம் ருசி மட்டுமல்ல. கோஸைப் பொடியாக நறுக்கிக் கால் மணி நேரத்தில் யாரும் வீட்டில் செய்துவிடலாம். வாழைப்பூவை ஆய உட்காருவதற்கு வேலைக்குப் போகும் வீடுகளில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. வீட்டில் கிடைக்காத காய்க்காகத்தான் வெளியே சாப்பிடுகிறவர் கை நீட்டுகிறார். ஓட்டல்காரர் நேர் எதிராக யோசிக்கிறார்: மலிவு, வெட்ட சுலபம், கெடாது, ஆகவே கோஸ். இந்த இடத்தில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

இதற்கு அடுத்தபடியாக அவர் எதிர்பார்ப்பது சூடு. ஒரு மணிக்கு வந்தவருக்கும் இரண்டேகாலுக்கு வந்தவருக்கும் ஒரே காய் கிடைக்க வேண்டும். பிறகு வேக்காடு: பீன்ஸ் பல்லில் தெரிய வேண்டும், ஆனால் நறுக்கென்று பச்சையாகக் கடிபடக்கூடாது. பிறகு தேங்காய், துருவிய அன்றே போட்டதாக இருக்க வேண்டும். எண்ணெய் இலையில் வட்டமாகத் தேங்கக்கூடாது. கடைசியாக, "என்ன பொரியல்?" என்று கேட்டால் "காய்தான் சார்" என்று பதில் வரக்கூடாது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்காகச் சோற்றைக் குறைத்துக்கொண்டவர்கள் இப்போது எல்லா மேசையிலும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது காய் அதிகம், சோறு பாதி. அவர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலையும் பீட்ரூட்டையும் சேர்த்து வைத்தால் இரண்டையும் ஒதுக்கிவிட்டுச் சாம்பாரோடு எழுந்துவிடுவார்கள். ஆகவே எந்த நாளும் இரண்டு காயும் கிழங்காக இருக்கக்கூடாது.

வார அட்டவணை

அட்டவணை போடும்போது நாலு விதியை மறக்காதீர்கள். தினமும் ஒன்றாவது நாட்டுக் காய். ஒன்று உதிரி, ஒன்று சேர்ந்தாற்போல். கூட்டில் தேங்காய் அரைத்துவிட்டால் பொரியலில் தேங்காயைக் குறைத்து, பருப்போ மிளகோ தூக்கலாக இருக்கட்டும். சாம்பாரில் போட்ட காய் பொரியலில் வரக்கூடாது. முள்ளங்கிச் சாம்பாருக்கு முள்ளங்கிப் பொரியல் போடுகிற கடைகளும் இருக்கின்றன.

ஒரு மாதிரி: திங்கள் பீன்ஸ் பொரியல், சுரைக்காய்க் கூட்டு. செவ்வாய் கத்தரிக்காய் எண்ணெய்க் கறி, கீரை மசியல். புதன் கொத்தவரங்காய்ப் பொரியல், வெள்ளைப்பூசணிக் கூட்டு. வியாழன் மோர்க்குழம்பும் வாழைப்பூ உசிலியும். இந்த இரண்டும் சேர்ந்தே வர வேண்டும், உசிலியின் உலர்வுக்கு மோர்க்குழம்பின் புளிப்புதான் துணை. வெள்ளி அவியல், வெண்டைக்காய் வறுவல். சனி உருளை ரோஸ்ட், புடலங்காய்க் கூட்டு. கோஸை முழுதாகத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பட்டாணியும் மிளகும் சேர்த்து வந்தால் அதையும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

வட்டாரக் கைப்பக்குவம் ஒன்றை மாதத்துக்கு இரண்டு முறை நுழைத்துப் பாருங்கள். செட்டிநாட்டு வெண்டைக்காய் மண்டி அரிசி கழுவிய கழனித் தண்ணீரில் புளி கரைத்துச் செய்வது. தஞ்சாவூர் ரசவாங்கி, புளியும் பருப்பும் சேர்ந்த கூட்டு போன்றது, கத்தரிக்காயில். பெயரைப் பார்த்தே ஆள் உள்ளே வருவார்.

நாள் கணக்கும் உண்டு. அமாவாசை, கிருத்திகை, சஷ்டி நாட்களில் வெங்காயம் பூண்டு இல்லாத காய் கேட்பவர்கள் கூடுவார்கள். அமாவாசைக்கு வாழைக்காய் இருந்தே ஆக வேண்டும். புரட்டாசி மாதம் முழுவதும், பிறகு கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஐயப்ப மாலை போட்டவர்கள் வரும் காலத்திலும், வழக்கமாக அசைவம் சாப்பிடுபவர்கள் உங்கள் கடைக்கு வருவார்கள். அவர்களுக்கு மென்று தின்ன ஏதாவதும் காரமும் வேண்டும்: சேனை வறுவல், வாழைக்காய் மிளகு வறுவல், காளான். கூட்டை மட்டும் வைத்து அவர்களைத் திருப்திப்படுத்த முடியாது.

வாங்குவது

சென்னை என்றால் கோயம்பேடு, தென்மாவட்டங்களுக்கு ஒட்டன்சத்திரம், மலைக்காய்க்கு மேட்டுப்பாளையம் மண்டி. எங்கே வாங்கினாலும் கையால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெண்டைக்காயின் நுனி 'டக்'கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். கொத்தவரையை நடுவில் ஒடித்தால் நார் தொங்கக்கூடாது. புடலங்காய் கையில் கனமாக, மேல்தோல் சாம்பல் பூத்தாற்போல் இருக்க வேண்டும். கத்தரிக்காய் தன் அளவுக்கு லேசாக இருந்தால் நல்லது. கனத்தால் விதை முற்றியிருக்கும். காம்பு பச்சையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய்க் கறிக்கு வேலூர்ப் பக்கத்து முள்ளுக் கத்தரி கிடைத்தால் விடாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற காய் என்பதற்காக இல்லை, சதை குழையாமல் எண்ணெயை இழுத்துக்கொள்ளும் என்பதற்காக. சௌசௌவில் முளை எட்டிப்பார்த்தால் உள்ளே நார் ஏறியிருக்கும்.

பருவத்தோடு மோதாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் முருங்கைக்காய் விலை எட்டாது. பங்குனி, சித்திரையில் கொட்டிக் கிடக்கும். அவரையும் மொச்சையும் தை, மாசியில் அருமை. அட்டவணையில் "அவியல்" என்று மட்டும் எழுதுங்கள், உள்ளே என்ன காய் என்பதைச் சந்தை முடிவு செய்யட்டும்.

கழிவைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசக்கூடாது. உத்தேசமாக, பீன்ஸில் பத்தில் ஒரு பங்கு போகும். சௌசௌவில் ஐந்தில் ஒரு பங்கு. பீர்க்கங்காயிலும் அதே அளவு, ஆனால் அந்தத் தோல் துவையலுக்கு ஆகும். வாழைப்பூவில் பாதி. இலையோடு வாங்கும் காலிஃபிளவரிலும் கிட்டத்தட்டப் பாதி.

பீன்ஸ் பொரியல், கிட்ட நின்று

வீட்டில் நன்றாகப் பொரியல் செய்பவர் ஓட்டலில் தோற்பதற்குக் காரணம் பாத்திரத்தின் கொள்ளளவு. பத்துக் கிலோ பீன்ஸை ஒரே அண்டாவில் கொட்டி மூடினால், அடியில் இருப்பது குழையும்போது மேலே இருப்பது பச்சையாக இருக்கும். மாஸ்டர் கிளறுவார். கிளறக் கிளற அடிக்காய் உடையும், தண்ணீர் விடும். மூடி போட்டதால் காயிலிருந்து ஆவியாகி வெளியேற வேண்டிய அமிலம் உள்ளேயே சுழன்று, பச்சை நிறம் காக்கி ஆகும். அதைச் சரிக்கட்ட ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுகிறார்கள். நிறம் நிற்கும், ஆனால் காய் வழவழவென்று சோப்புப் போலாகும். சாப்பிடுகிறவருக்கு என்ன போட்டார்கள் என்று தெரியாது, ஏதோ போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

சரியான வழி, வேகவைப்பதையும் தாளிப்பதையும் பிரிப்பது.

பீன்ஸ் 9 கிலோ வாங்கினால் சுத்தம் செய்தபின் 8 கிலோ சொச்சம் கிடைக்கும். இருபுறமும் நுனி கிள்ளி, நார் உரித்து, அலசி, பிறகு 5 மி.மீ. அளவில் நறுக்குங்கள். நறுக்கியபின் அலசினால் சாரம் போய்விடும். அளவு ஒரே மாதிரி இருப்பது முக்கியம். இரண்டு பேர் நறுக்கினால் இரண்டு அளவு வரும், வேக்காடும் இரண்டாகும்.

பெரிய பாத்திரத்தில் 12 லிட்டர் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு 120 கிராம் உப்புப் போடுங்கள். ஒரு முறைக்கு 2 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். போட்டதும் கொதி அடங்கி, ஒரு நிமிடத்துக்குள் மறுபடி எழ வேண்டும். மூடக்கூடாது. 4 நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். முக்கால் வேக்காடு வந்ததும் கண்ணறைக் கரண்டியால் அள்ளி, அகலமான தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே முழுதாக வெந்துவிடும். இதில்தான் பாதிக் கடைகள் கோட்டை விடுகின்றன. வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். உப்பைக் கணக்குப் பார்த்துச் சாம்பாருக்கு விடலாம்.

தாளிப்பதைப் பரிமாறும் நேரத்தை ஒட்டிச் செய்யுங்கள். 11.45-க்குப் பாதி, 1.15-க்கு மீதி. பாதிக்கு: நல்லெண்ணெய் அல்லது கடலையெண்ணெய் 120 மி.லி., கடுகு 20 கிராம், உளுத்தம்பருப்பு 50 கிராம், கிள்ளிய வரமிளகாய் 15 கிராம், பெருங்காயம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. உளுந்து பொன்னிறத்தைத் தாண்டிச் சிவந்தால் கசக்கும். காயைப் போட்டு, பெரிய தீயில் மூன்று நிமிடம் புரட்டுங்கள். உப்பு ருசி பாருங்கள்; வேகும்போதே ஏறியிருப்பதால் கிலோவுக்கு 3, 4 கிராமுக்கு மேல் தேவைப்படாது. அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு தேங்காயின் துருவல், ஏறக்குறைய 450 கிராம், தூவிக் கலந்து இறக்குங்கள். அடுப்பு எரியும்போது தேங்காயைப் போட்டு வறுத்தால் எண்ணெய் கக்கும், மணம் போகும்.

இந்த முறையில் இரண்டேகாலுக்கு வருபவர் பன்னிரண்டு மணிக் காயைச் சாப்பிட வேண்டியதில்லை. கூடுதல் செலவு என்பது ஒரு தாளிப்பு எண்ணெய்தான்.

இதே முறை அவரை, கேரட், கொத்தவரைக்கும் பொருந்தும். கொத்தவரையை 7, 8 நிமிடம் வேகவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கசப்பு இறங்கும். புடலை, பீர்க்கு, கோஸ் ஆகியவற்றுக்கு இது ஆகாது. அவை தண்ணீர்க் காய். அகலமான வாணலியில், ஒரு முறைக்கு 3 கிலோ மட்டும், மூடாமல் பெரிய தீயில் வதக்க வேண்டும். கோஸை நீண்ட நேரம் வேகவிட்டால் கந்தக நாற்றம் கிளம்பும். அதை வேண்டாம் என்கிற பலர் வெறுப்பது காயை அல்ல, இந்த நாற்றத்தை.

கூட்டு: தண்ணீர் பிரிந்தால் போச்சு

கூட்டைப் பற்றி வரும் ஒரே பெரிய புகார், இலையில் ஊற்றியதும் தண்ணீர் பிரிந்து சோற்றுக்குள் ஓடுவது. காய் தனியாக, தண்ணீர் தனியாக நிற்பதற்குப் பருப்புக் குறைவதும், காயிலேயே நீர் அதிகம் இருப்பதும் காரணம்.

சௌசௌ 5 கிலோ, தோல் சீவி 1 செ.மீ. துண்டுகள். பாசிப்பருப்பு 1.2 கிலோ, லேசாக வறுத்து, மஞ்சள்தூள் 10 கிராம் சேர்த்து மலர வேகவைத்தது. நாலு தேங்காய், சீரகம் 40 கிராம், பச்சை மிளகாய் 100 கிராம், ஊறவைத்த பச்சரிசி 50 கிராம் ஆகியவற்றை நைசாக அரைக்கவும். அந்த 50 கிராம் அரிசிதான் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது. காயை அது மூழ்காத அளவு தண்ணீரில் வேகவிட்டு, பருப்பைச் சேர்த்து, ஒரு கொதி வந்தபின் அரைத்ததை விட்டு, இன்னும் 3, 4 நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள். கரண்டியைச் சாய்த்தால் கூட்டு வழியக்கூடாது, நழுவ வேண்டும். ஆற ஆறக் கெட்டிப்படும் என்பதால் இறக்கும்போது ஒரு கை தளர்வாக இருக்கட்டும். தாளிப்பு தேங்காயெண்ணெயில்.

புளி சேர்க்கும் கூட்டானால் காயும் பருப்பும் முழுதாக வெந்தபிறகே புளியை விடுங்கள். புளிப்பு ஏறிய தண்ணீரில் காயும் பருப்பும் எவ்வளவு நேரம் கொதித்தாலும் மெத்தென்று ஆகாது. அவியலுக்குத் தயிர் விடும்போது அடுப்பு எரியக்கூடாது, திரிந்துவிடும்.

வாழைப்பூ பருப்பு உசிலி

வாரத்தில் ஒரு நாள் இதைப் போடுகிற கடைக்கு அந்த நாளில் கூட்டம் தனியாக வரும். அளவு: வாழைப்பூ 12, ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குக் குறையாமல். சுத்தம் செய்தால் 3 கிலோ தேறும்.

ஆய்வதற்கு முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிசின் இரண்டு நாளைக்குப் போகாது. மடல் உரித்து, பூங்கொத்தை எடுத்து, நடுவிலுள்ள தீக்குச்சி போன்ற கள்ளனையும் அடியிலுள்ள கண்ணாடி போன்ற சிறு செதிலையும் நீக்க வேண்டும். கள்ளன் வேகாது, ஒன்று தப்பினாலும் பல்லில் நார் போல் மாட்டும். உள்ளே வரவர மடல் வெளுக்கும். அந்தக் குருத்தில் கள்ளன் எடுக்க வேண்டாம், அப்படியே நறுக்கலாம். ஒரு பூவுக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். 12 பூவுக்கு ஒரு ஆளுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். முந்தின நாள் மாலையில் ஆய்ந்து மோரில் மூழ்க வைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் காலை நெருக்கடி இல்லை.

நறுக்கிய பூ காற்றுப் பட்டால் கறுக்கும். 8 லிட்டர் தண்ணீரில் 1 லிட்டர் புளித்த மோரைக் கலந்துவைத்து, நறுக்க நறுக்க அதில் போடுங்கள். பிறகு வடித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்த தண்ணீரில் 8 நிமிடம் வேகவைத்து, ஆறியதும் இறுகப் பிழிந்து வையுங்கள். பிழியாவிட்டால் உசிலி உதிராது, உப்புமா ஆகும்.

துவரம்பருப்பு 1 கிலோ, கடலைப்பருப்பு 1 கிலோ, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு முழுதாக வடித்துவிடுங்கள். வரமிளகாய் 60 கிராம், பெருங்காயம் 10 கிராம், உப்பு 40 கிராம் சேர்த்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். வடைமாவு போல் நைசானால் ஆவியில் கல்லாகிவிடும். இட்லித் தட்டில் மெல்லிய அடையாகத் தட்டி 12 முதல் 15 நிமிடம். குச்சி குத்தினால் ஒட்டக்கூடாது. முழுதாக ஆறிய பிறகே உதிர்க்க வேண்டும். சூட்டோடு கை வைத்தால் பிசுபிசுவென்று உருண்டை பிடிக்கும். அவசரமானால் மிக்ஸியில் அரை விநாடி சுற்றி எடுக்கலாம்.

600 மி.லி. எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, உதிர்த்த பருப்பை நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் பொன்னிறமாகும்வரை புரட்டி, பிறகு பூவைச் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம். எண்ணெய் அதிகமாகத் தோன்றும். குறைத்தால் தொண்டையை அடைக்கும். மொத்தம் 7 கிலோ வரும், தலைக்கு 60 கிராம் வைத்து, மறுபடி கேட்பவருக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

வெண்டையும் கத்தரியும்

வெண்டைக்காய் பிசுபிசுப்பதற்கு ஈரம்தான் காரணம். கழுவி, துணியால் துடைத்து, விசிறியடியில் அரை மணி உலர்த்தியபிறகே நறுக்க வேண்டும். வாணலியில் ஒரு அடுக்குக்கு மேல் போடாதீர்கள், முதல் ஐந்து நிமிடம் அதிகம் கிளறாதீர்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள். ஒரு கரண்டி தயிரோ புளிக்கரைசலோ வழவழப்பை முறிக்கும். கத்தரிக்காயை நறுக்கியதும் உப்புத் தண்ணீரில் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஊறினால் எண்ணெயில் வதங்காது, அவியும்.

மாலை நேரம்: வறுவலும் குருமாவும்

காலிஃபிளவர் 65 கேட்பவருக்கு மொறுமொறுப்பு வேண்டும், சிவப்பு வேண்டாம். சிவப்பு இருந்தால்தான் போகும் என்பது பழைய நினைப்பு. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்ப்பதைத் தடை செய்தது. அதற்கு முந்தைய மாதம் தமிழ்நாட்டில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. இதற்குப் பிறகு பளீர் சிவப்பைப் பார்த்தாலே தட்டைத் தள்ளுகிற தாய்மார்கள் அதிகம். காஷ்மீரி மிளகாய்த்தூளின் நிறம் போதும்.

ஒரு கிலோ பூவுக்கு: மஞ்சளும் உப்பும் போட்ட கொதிநீரில் 3 நிமிடம், புழு இருந்தால் மிதக்கும். வடித்துத் துணியில் பரப்பி 15 நிமிடம் உலரவிடுங்கள். மைதா 100 கிராம், கார்ன்ஃபிளவர் 100, அரிசிமாவு 50, காஷ்மீரி மிளகாய்த்தூள் 20, இஞ்சி பூண்டு விழுது 30, உப்பு 12 கிராம், தண்ணீர் 150 மி.லி. சுமார். மாவு பூவைப் போர்த்தக்கூடாது, பூசினாற்போல் இருக்க வேண்டும். எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ். இரண்டு முறை பொரித்தால், அதாவது முக்கால் பதத்தில் எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி ஒரு நிமிடம் பொரித்தால், மேசைக்குப் போய்ச் சேரும்வரை மொறுமொறுப்பு நிற்கும். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெய் சிதைந்து சேரும் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். அளக்கும் கருவி வாங்குவது நல்லது. நுரை அடங்காமல் எழுந்தாலோ, எண்ணெய் பாகு போல் கனத்தாலோ கருவிக்குக் காத்திருக்காதீர்கள்.

சப்பாத்தி, பரோட்டாவுக்கு வைக்கும் வெஜ் குருமாவைப் பற்றி ஒரே வார்த்தை: கரண்டியை விட்டால் காய் வர வேண்டும். பத்து லிட்டர் குருமாவில் 4 கிலோ காயாவது இருக்கட்டும்.

பலகையும் பரிமாறுகிறவரும்

வாசல் பலகையில் "சாப்பாடு: பொரியல், கூட்டு" என்று நிரந்தரமாகப் பெயின்ட் அடித்திருப்பதில் ஒரு பயனும் இல்லை. காலை 11 மணிக்குள் சுண்ணக்கட்டியால் அன்றைய காயை எழுதுங்கள்: "வாழைப்பூ பருப்பு உசிலி, சுரைக்காய்க் கூட்டு." வாட்ஸ்அப் நிலைத்தகவலிலும் அதே வரி. பக்கத்து அலுவலகங்களில் பன்னிரண்டரை மணிக்கு "இன்னைக்கு எங்கே?" என்று பேச்சு வரும்போது அந்த ஒரு வரிதான் வேலை செய்யும்.

பரிமாறுகிறவருக்கு மூன்று விஷயம் வாய்ப்பாடாகத் தெரிய வேண்டும். அன்றைய காயின் பெயர். வெங்காயம் பூண்டு எதில் உண்டு, எதில் இல்லை. நெய், தயிர், முந்திரி, கோதுமை எதில் சேர்ந்திருக்கிறது. கோதுமை ஒவ்வாதவர் கேட்டால் "காயில் ஏது சார் கோதுமை" என்று சொல்லிவிடக்கூடாது. கடையில் டப்பாவில் வரும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பார்த்துப் பதில் சொல்லட்டும்.

முதல் முறை குறைவாக, இரண்டாம் முறை தானாகவே கேட்டு. பொரியல் 60 கிராம் வைத்துவிட்டு, சாம்பார் முடிந்து ரசத்துக்கு வரும்போது "பொரியல் வைக்கட்டுங்களா சார், அக்கா உங்களுக்கு?" என்று வாளியோடு வர வேண்டும். முதலிலேயே 100 கிராம் கொட்டினால் தாராளம் போலத் தெரியும், மிஞ்சுவதும் அதில்தான். கேட்டு வைத்த காய் மிஞ்சாது.

சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. வெந்நீர்த் தொட்டியில் பாத்திரத்தை இறக்கி வையுங்கள், தணலில் நேராக வைத்தால் அடி பிடிக்கும். அதிலும் பொரியலை நெடுநேரம் வைத்தால் நிறம் போகும். இரண்டு தவணைத் தாளிப்பு இதற்காகவும்தான். தேங்காய் போட்டது மாலைக்கு ஆகாது. மிஞ்சினால் ஆட்கள் சாப்பிடட்டும், குளிர்பெட்டிக்குப் போகக்கூடாது.

விலை

வாழைப்பூ ஒன்று 25 ரூபாய், இரண்டு கிலோ பருப்பு 320 ரூபாய், எண்ணெயும் சில்லறையும் 130, ஆய்கிற கூலி 250 என்று வைத்துக்கொண்டால் 100 பேருக்கு 1000 ரூபாய். தலைக்குப் பத்து. கோஸ் கிலோ 25 என்றால் தேங்காய், தாளிப்பு உட்பட தலைக்கு நாலு ரூபாய் ஆகும். வித்தியாசம் ஆறு ரூபாய், அதுவும் வாரத்தில் ஒரு நாள். ஆறு நாளுக்குப் பிரித்தால் சாப்பாட்டுக்கு ஒரு ரூபாய். சோறு பாதி, காய் இரட்டிப்பு என்று தனியாக ஒரு சாப்பாட்டை முழுச் சாப்பாட்டு விலைக்கே பலகையில் போட்டுப் பாருங்கள். அரிசி மிஞ்சுவதால் கணக்குப் பெரும்பாலும் கையைக் கடிக்காது.

பார்சல்

பார்சலில் காய் கெடுவது பையைக் கட்டும் விதத்தால்தான். தாளித்து இறக்கிய பொரியலைச் சூட்டோடு பிளாஸ்டிக் பையில் முடிந்தால் ஆவி தண்ணீராகி உள்ளேயே இறங்கும், பத்து நிமிடத்தில் பீன்ஸ் காக்கியாகி ஊறிவிடும். தாம்பாளத்தில் இரண்டு நிமிடம் ஆவி போகவிட்டு, வாழை இலைத் துண்டில் வைத்து, மேலே தாள் சுற்றிக் கொடுங்கள். கூட்டு மூடி இறுகும் டப்பாவில் போகட்டும். உசிலியையும் வறுவலையும் குழம்பு டப்பாவுக்கு மேல் அடுக்காதீர்கள், கீழிருந்து வரும் சூட்டில் வியர்த்துவிடும். மூட்டைக்கு ஒரு சீட்டில் அன்றைய காயின் பெயரை எழுதி ஒட்டுங்கள். வீட்டில் பிரிப்பவர் பெரும்பாலும் வாங்கியவராக இருக்க மாட்டார்.